சிறிய சிறப்புப் பள்ளியா, பெரிய பள்ளியிலேயே கூடுதல் உதவியா?

ஏழு வயதுப் பிள்ளைக்குப் பள்ளி தேடுவதும் பதின்மூன்று வயதுப் பிள்ளைக்குப் பள்ளி தேடுவதும் ஒன்றல்ல. ஏழு வயதில் எடுத்த முடிவு சரிப்படவில்லை என்றால் மாற்றிக்கொள்ள அவகாசம் இருக்கிறது. பதின்மூன்றில் இறுதித் தேர்வு கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்கு வந்துவிடுகிறது. வாசிக்கக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியர்கள் கீழ் வகுப்போடு நின்றுவிடுகிறார்கள். இப்போது வருகிறவர்கள் பிள்ளைக்கு வாசிக்கத் தெரியும் என்று வைத்துக்கொண்டுதான் பாடம் நடத்துகிறார்கள். இவற்றையெல்லாம்விடப் பெரியது, ஐந்தாறு ஆண்டுகளாகத் தோற்றுத் தோற்று அந்தப் பிள்ளை தன்னைப் பற்றி மனத்துக்குள் எழுதி வைத்திருக்கும் தீர்ப்பு. மதிப்பீட்டு அறிக்கையில் டிஸ்லெக்சியா (வாசிப்புக் குறைபாடு) என்று இருந்தாலும், டிஸ்கால்குலியா (கணக்குக் குறைபாடு), ஏ.டி.எச்.டி. (கவனக் குறைவும் மிகைத் துடிப்பும்) என்று இருந்தாலும், புதிய பள்ளி அந்தத் தீர்ப்போடும் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது.

பெற்றோர் முன்னால் பெரும்பாலும் நான்கு வழிகள் இருக்கின்றன. இப்போது படிக்கும் பெரிய பள்ளியிலேயே சிறப்பாசிரியர் உதவியோடு தொடரலாம். கற்றல் குறைபாடு உள்ளவர்களுக்கென்றே நடத்தப்படும் சிறிய பள்ளியில் சேர்க்கலாம். அங்கே ஓரிரு ஆண்டுகள் படிக்கவைத்துவிட்டு மீண்டும் பெரிய பள்ளிக்கே அனுப்பலாம். வீட்டிலிருந்தே தனித்தேர்வராகப் படிக்கவைக்கலாம். இவற்றில் சிறிய பள்ளியைப் பற்றித்தான் அதிகம் எழுதப்போகிறேன். பெற்றோரின் நம்பிக்கையும் அங்கேதான் அதிகம், ஏமாற்றமும் அங்கேதான் அதிகம். சிறப்புக் கல்வித் துறையில் இருப்பவள் என்ற முறையில் என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வகுப்பில் ஆறே பேர் என்பதை மட்டும் வைத்து ஒரு பள்ளியைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. அந்த ஆறு பேரை வைத்துக்கொண்டு தினமும் என்ன செய்கிறார்கள், படிப்பு முடிந்ததும் அவர்களை எங்கே அனுப்பிவைக்கிறார்கள் என்று பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

எது முடியவில்லை என்று முதலில் தெரிய வேண்டும்

பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கிலேய மருத்துவர், பிறவியிலேயே அமைந்த வாசிப்புக் குறைபாட்டைப் பற்றி 1896இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார். அவர் விவரித்த பையனுக்கு வயது 14. மூன்றிலக்க எண்களை விரைவாகவும் சரியாகவும் பெருக்கினான். தன் பெயரான ‘பெர்சி’யை மட்டும் ‘பிரெசி’ என்று எழுத்து மாற்றி எழுதினான். ஒன்றுக்கு மேற்பட்ட முறை சுட்டிக்காட்டும்வரை பிழை அவன் கண்ணில் படவே இல்லை. பாடம் முழுவதும் வாய்மொழியாகவே இருந்தால் பள்ளியிலேயே இவன்தான் கெட்டிக்காரனாக இருப்பான் என்று சில ஆண்டுகள் அவனுக்குக் கற்பித்த ஆசிரியர் சொன்னாராம். நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகும், பள்ளி மாற்றுவதா என்று தவிக்கும் வீடுகளில் பெரும்பாலும் இதே மாதிரிப் பிள்ளைதான் இருக்கிறான்: பேச்சில் சூட்டிகை, எழுத்தில் தடுமாற்றம்.

எல்லாப் பிள்ளையும் பெர்சி அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கஃப், டன்மர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1986இல் ஒரு எளிய கணக்கை முன்வைத்தார்கள். எழுத்தை ஒலியாக மாற்றும் திறனையும் கேட்ட மொழியைப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கினால் வருவதுதான் வாசித்துப் புரிந்துகொள்ளும் திறன். கூட்டல் இல்லை, பெருக்கல். ஒன்று பூச்சியத்தை நெருங்கினால் விடையும் பூச்சியத்தை நெருங்கும். எழுத்துக்கூட்ட முடியாமல் திணறும் பிள்ளைக்கும், சரளமாக வாசித்துவிட்டு ‘என்ன வாசித்தாய்’ என்றால் விழிக்கும் பிள்ளைக்கும் தேர்வுத் தாளில் ஒரே மதிப்பெண் வரலாம். ஆனால் இருவருக்கும் வேண்டிய பள்ளி வேறு. முதல் பிள்ளைக்கு எழுத்தும் ஒலியும் சொல்லமைப்பும் முறைப்படி கற்றுக்கொடுப்பவர் வேண்டும். இரண்டாவது பிள்ளைக்குச் சொல்வளமும், வாக்கிய நுணுக்கங்களைப் பிடிக்கும் பயிற்சியும், பெரும்பாலும் பேச்சு மொழிப் பயிற்சியாளரும் வேண்டும். எண்களில் மட்டும் தடுமாறுகிறவர், கவனத்தை ஒருமுகப்படுத்த முடியாதவர், ஆட்டிசத்தோடு வாசிப்புச் சிக்கலும் உள்ளவர் என்று வகை இன்னும் விரியும்.

அதனால் பள்ளிகளைப் பார்க்கக் கிளம்பும் முன் மதிப்பீட்டு அறிக்கையை எடுத்துப் பாருங்கள். எட்டு வயதில் வாங்கிய அறிக்கை பதினான்கு வயதுக்கு உதவாது. தேர்வுச் சலுகை கேட்கும் இடங்களிலும் பழைய அறிக்கையைப் பெரும்பாலும் ஏற்பதில்லை. புதிய அறிக்கையில் பெயர் மட்டும் இருந்தால் போதாது. வாசிப்பின் துல்லியம், வேகம், எழுத்துப் பிழைகள், நினைவாற்றல், கணக்கு ஆகியவை தனித்தனியாக அளக்கப்பட்டிருக்க வேண்டும். அந்த அறிக்கையைச் சிறிய பள்ளியின் முதல்வர் கையில் கொடுத்து, ‘இதில் எந்தப் பகுதிக்கு உங்களிடம் என்ன இருக்கிறது’ என்று கேளுங்கள். பக்கத்தைப் புரட்டி வரிவரியாகப் பேசுகிறவர் இருக்கிறார். அறிக்கையை ஓரமாக வைத்துவிட்டு, ‘எல்லாக் குழந்தைகளையும் நாங்கள் அன்போடு பார்த்துக்கொள்வோம்’ என்பவரும் இருக்கிறார். அன்பு மிகவும் தேவை, ஐயமே இல்லை. ஆனால் அன்புக்கு மட்டும் என்றால் பள்ளி மாற்ற வேண்டியதில்லையே.

பெரிய பள்ளி: கிடைப்பதும் கிடைக்காததும்

பெரிய பள்ளியை எடுத்த எடுப்பில் குறைசொல்லும் பழக்கம் என் துறையில் உண்டு. அது நியாயமில்லை. வேதியியலுக்குத் தனி ஆசிரியர், முறையான ஆய்வகம், விளையாட்டுத் திடல், நாடகக் குழு, பல மாதிரியான நண்பர்கள் எல்லாம் அங்கே இருக்கின்றன. எழுத்தில் பின்தங்கிய பல பிள்ளைகள் ஓட்டத்திலோ ஓவியத்திலோதான் தலைநிமிர்ந்து நிற்கிறார்கள். அந்த ஒரு தளத்தைப் பிடுங்கிவிட்டு, பதிலுக்குச் சிறிய வகுப்பறையைத் தருவது எப்போதும் லாபக் கணக்காக இருக்காது. ஸ்பெயினின் சலமான்கா நகரில் 1994இல் நடந்த சிறப்புக் கல்வி மாநாட்டின் அறிக்கையும், மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் குறித்து 2006இல் ஐ.நா. நிறைவேற்றிய உடன்படிக்கையின் 24ஆம் பிரிவும் எல்லோரும் சேர்ந்து படிப்பதையே வற்புறுத்துகின்றன. அந்தக் கொள்கையில் எனக்கு முழு உடன்பாடு. ஆனால் நாற்பது பேர் நடுவே ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருப்பதைச் சேர்ந்து படிப்பதாக என்னால் எண்ண முடியவில்லை.

பெரிய பள்ளியில் கிடைக்கும் உதவியின் தரத்தைப் பார்க்க ஒரு குறுக்குவழி இருக்கிறது. சிறப்பாசிரியர் தனியாகப் பயிற்சி தரும் ரிசோர்ஸ் ரூமுக்குப் பிள்ளையை எந்தப் பாட வேளையில் அழைத்துப் போகிறார்கள் என்று கேளுங்கள். கணக்கு வகுப்பை விட்டுவிட்டு வாசிப்புப் பயிற்சிக்குப் போகிறவன் ஆண்டு இறுதியில் இரண்டிலும் பின்தங்கி நிற்பான். விளையாட்டு வேளையை எடுத்துக்கொண்டால், அவனுக்கு மூச்சுவிட இருந்த ஒரே இடமும் போய்விடும். அடுத்து, அங்கே போய் என்ன செய்கிறான்? பல இடங்களில் விட்டுப்போன வீட்டுப்பாடத்தை முடிக்கிறான், அவ்வளவுதான். பாடம் முடிவதும் திறன் வளர்வதும் ஒன்றல்ல.

பக்கத்தில் உட்கார்ந்து உதவ ஓர் ஆள் போட்டிருக்கிறோம் என்று சொன்னால் இன்னும் கவனமாகக் கேளுங்கள். பீட்டர் பிளாட்ச்ஃபோர்டு தலைமையில் இங்கிலாந்து, வேல்ஸ் பள்ளிகளில் நடந்து 2009இல் முடிவுகள் வெளியான பெரிய ஆய்வு ஒன்று, உதவியாளரின் துணை அதிகம் கிடைத்த மாணவர்கள், அவர்களை ஒத்த நிலையிலிருந்த மற்றவர்களைவிடக் குறைவாகவே முன்னேறினார்கள் என்று காட்டியது. உதவியாளர்கள் மீது பழி இல்லை. பயிற்சியோ தயாரிப்பு நேரமோ தராமல் அவர்களை உட்காரவைக்கிறார்கள். அவர்களும் கையில் இருக்கும் வேலையை எப்படியாவது முடிக்கவைக்கப் பார்க்கிறார்கள். பாட ஆசிரியரோ அந்தப் பிள்ளையை அவர்களிடமே விட்டுவிடுகிறார். இது போதாதென்று, பதினான்கு வயதில் பக்கத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தால் நண்பன் யாரும் அருகில் வர மாட்டான்.

எனவே பெரிய பள்ளி யாருக்குப் பொருந்தும்? பின்தங்கல் ஓரிரு ஆண்டு அளவுக்குள் இருந்து, நண்பர்களும் பிடித்த ஒரு துறையும் அங்கேயே இருந்து, பாட ஆசிரியர்கள் தங்கள் வகுப்பிலேயே முறையை மாற்றிக்கொள்ளத் தயாராக இருந்தால் அங்கேயே இருக்கட்டும். கூடுதல் நேரம், எழுத்தை ஒலியாக வாசித்துக்காட்டும் மென்பொருள், விடைகளைத் தட்டச்சு செய்யும் வசதி ஆகியவை அன்றாட வகுப்பிலேயே நடைமுறையில் இருக்கின்றனவா என்று பாருங்கள். தேர்வு அன்று மட்டும் கிடைக்கும் வசதியைப் பயன்படுத்தப் பிள்ளைக்குக் கை வராது.

சிறிய பள்ளி: உள்ளே போய்ப் பார்க்க வேண்டியவை

ஒரு சிறிய பள்ளியில் அறிவியல் வகுப்பு ஒன்றில் பின்பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஐந்து மாணவர்கள், பதின்மூன்று பதினான்கு வயது. தாவரங்களைப் பற்றிய ஒரு பத்தி. ஆசிரியை உடனே வாசிக்கச் சொல்லவில்லை. பத்தியிலிருந்து நான்கு சொற்களை முதலில் பலகையில் எழுதினார். ‘நீராவிப்போக்கு’ என்ற சொல்லை நீர், ஆவி, போக்கு என்று கோடுபோட்டுப் பிரித்தார். ஒரு பையன் கடைசித் துண்டைப் ‘பேக்கு’ என்று வாசித்தான். ஆசிரியை பலகைக்குப் போய், பகரத்தின் பின்னால் இருந்த துணைக்காலை விரலால் மறைத்தார். ‘இப்போது நீ வாசித்தது சரி.’ விரலை எடுத்தார். ‘இப்போது?’ ‘போ’ என்றான். முன்னால் ஒரு குறி, பின்னால் ஒரு குறி, இரண்டையும் பார்த்த பிறகுதான் வாயைத் திறக்க வேண்டும் என்று அவனே சொல்லிக்கொண்டான். யாரும் சிரிக்கவில்லை, அடுத்தவனுக்கும் அதே இடத்தில்தான் தடுக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். பிறகு சொற்களை வாய்விட்டுச் சொல்லியபடி எழுதினார்கள், பத்தியை வாசித்தார்கள், புத்தகத்தை மூடிவிட்டுப் பக்கத்தில் இருப்பவருக்குச் சொந்த வார்த்தையில் விளக்கினார்கள். ஒரு பாட வேளை முழுவதும் ஒரே ஒரு பத்தி.

அடுத்த வேளை வரலாறு. வேறு ஆசிரியர், அதே முறை. பலகையில் சொற்கள், கோடுகள், பிறகு வாசிப்பு. நல்ல சிறிய பள்ளியால் முடிந்து, ரிசோர்ஸ் ரூமால் முடியாதது இதுதான். வாசிப்புப் பயிற்சி தனி அறையில் அடைபட்டுக் கிடக்காமல் எல்லாப் பாடத்துக்குள்ளும் ஓடுகிறது. வகுப்பு சிறியதாக இருந்ததால்தான் அந்தப் பையனின் பிழை எந்தக் குறியில் நேர்ந்தது என்று ஆசிரியைக்குத் தெரிந்தது.

இந்த முறை நேற்று முளைத்ததல்ல. சாமுவேல் ஆர்டன் என்ற நரம்பியல் மருத்துவரும் அன்னா கில்லிங்ஹாம் என்ற கல்வியாளரும் அமெரிக்காவில் 1930களில் உருவாக்கிய முறையின் வழிவந்தது: எதையும் பிள்ளை தானாகப் புரிந்துகொள்ளும் என்று விடாமல் வெளிப்படையாகச் சொல்லிக்கொடுப்பது, எளிதிலிருந்து கடினத்துக்குப் படிப்படியாகப் போவது, கண்ணும் காதும் கையும் சேர்ந்து உழைப்பது. சுவான்சன், ஹாஸ்கின் இருவரும் பல ஆய்வுகளைத் தொகுத்து 1998இல் வெளியிட்ட முடிவும் இதற்கு அரணாக நிற்கிறது. நேரடியாகக் கற்றுக்கொடுப்பதோடு, எப்படிக் கற்பது என்ற உத்திகளையும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்த வகுப்புகளில்தான் கற்றல் குறைபாடு உள்ளவர்கள் அதிகப் பலன் அடைந்திருந்தார்கள். ஆகவே ‘உங்கள் முறை என்ன’ என்ற கேள்விக்கு முதல்வர் பெயர் சொல்லிப் பதில் தர வேண்டும். அந்தப் பதிலை நீங்கள் வகுப்பறையில் கண்ணால் பார்க்க முடிய வேண்டும்.

மாறாக, ‘உங்கள் பிள்ளை காட்சிவழிக் கற்பவர், அதற்கேற்பக் கற்பிப்போம்’ என்று தொடங்கினால் எச்சரிக்கையாக இருங்கள். பாஷ்லரும் மூன்று உளவியலாளர்களும் 2008இல் அந்தக் கருத்தைத் துருவிப் பார்த்துவிட்டு, அதை வகுப்பறையில் நம்பிப் பின்பற்றப் போதிய சான்று இல்லை என்று எழுதினார்கள். வண்ணக் கண்ணாடி, கண் பயிற்சி ஆகியவற்றால் டிஸ்லெக்சியா சரியாகும் என்பதற்கும் ஆதாரம் இல்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவ அமைப்பும் கண் மருத்துவ அமைப்புகளும் 2009இல் கூட்டாக அறிவித்தன. குணப்படுத்திவிடுவோம் என்று வாக்குறுதி தரும் பள்ளியிலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

மாணவர்களின் கையில் இருக்கும் புத்தகத்தையும் பாருங்கள். பதினான்கு வயதுப் பையன் முயல் படம் போட்ட கதைப்புத்தகத்தை வைத்துக்கொண்டிருந்தால், அந்தப் பள்ளி அவனுடைய வாசிப்பு வயதைப் பார்த்திருக்கிறது, அவனைப் பார்க்கவில்லை. மொழி எளிமையாகவும் பொருள் அவன் வயதுக்குரியதாகவும் இருக்கும் நூல்களைத் தேடி வைத்திருக்கும் பள்ளி, வெறும் பயிற்சித் தாள்களை நிரப்பவைக்கும் பள்ளியைவிட எவ்வளவோ மேல். எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொண்டு அன்பாக நடத்துவதுதான் சிறிய பள்ளிகளின் பெரிய ஆபத்து. பிள்ளை மகிழ்ச்சியாகப் போய்வருகிறான், வீட்டில் சண்டை குறைந்துவிட்டது, இரண்டு ஆண்டுகள் ஓடிவிடுகின்றன; பிறகுதான் பாடத்தில் எவ்வளவு விட்டுப்போயிருக்கிறது என்று தெரிகிறது.

அந்த மகிழ்ச்சியைக் குறைத்து மதிப்பிடவும் கூடாது. ஒரே அளவு திறமை உள்ள இரண்டு மாணவர்களில், கெட்டிக்காரர்கள் நிறைந்த பள்ளியில் படிப்பவர் தன் படிப்புத் திறமையைக் குறைவாகவே எண்ணிக்கொள்கிறார் என்பதை கல்வி உளவியலாளர் ஹெர்பர்ட் மார்ஷ் 1980களிலிருந்து பல ஆய்வுகளில் காட்டியிருக்கிறார். தன்னைப் போன்றவர்களோடு உட்காரும் பிள்ளை ‘நான் முட்டாள் இல்லை’ என்று உணர்வது உண்மையான லாபம். இதே கணக்கு, பெரிய பள்ளிக்குத் திரும்பும்போது எதிர்த்திசையில் வேலை செய்யும் என்பதையும் முன்கூட்டியே நினைத்துக்கொள்ள வேண்டும்.

சின்ன எண்ணிக்கைக்கே உரிய சங்கடங்கள் சில இருக்கின்றன. ஆறு பேர் வகுப்பில் ஒருவனோடு மனஸ்தாபம் வந்தால் ஒதுங்கிப்போக இடம் இல்லை. டிஸ்லெக்சியாவும் ஏ.டி.எச்.டி.யும் ஆண்பிள்ளைகளிடமே அதிகம் கண்டறியப்படுவதால், இத்தகைய பள்ளிகளில் பெண்பிள்ளை வகுப்புக்கு ஒருத்தியாக இருப்பது சாதாரணம். பதின்மூன்று வயதில் பேசிக்கொள்ளத் தோழி இல்லாத நாள்கள் எவ்வளவு நீளமானவை என்பதைப் பெண்பிள்ளையின் பெற்றோர் நிச்சயம் எண்ணிப் பார்க்க வேண்டும். கடுமையான நடத்தைச் சிக்கல் உள்ளவர்களையும் அமைதியான பிள்ளைகளையும் ஒரே அறையில் வைத்திருந்தால், ஆசிரியரின் நேரம் யாருக்குப் போகும் என்று சொல்லத் தேவையில்லை. அதனால் ‘இந்த வகுப்பில் என் பிள்ளையோடு உட்காரப்போகிறவர்கள் யார், அவர்களின் தேவைகள் என்ன’ என்று பெயர் கேட்காமல் விசாரியுங்கள். ஆசிரியர்களில் எத்தனை பேர் மூன்று ஆண்டுகளுக்கு மேல் அங்கே இருக்கிறார்கள் என்றும் கேளுங்கள். சிறிய பள்ளியில் ஒருவர் விலகினால் ஒரு பாடமே விலகிப்போகும். கணக்கில் சிக்கல் உள்ள பிள்ளை என்றால், வாசிப்புக்குத் தரும் பயிற்சி கணக்குக்கும் உண்டா என்பதைத் தனியாகக் கேளுங்கள். பல இடங்களில் இல்லை.

ஏ.டி.எச்.டி. உள்ளவர்களுக்கு இன்னொரு கணக்கு. பிலிப் ஷாவின் குழு 2007இல் வெளியிட்ட மூளைப்பட ஆய்வில், மூளைப் புறணியின் (மூளையின் வெளி அடுக்கின்) பாதிப் பகுதி உச்சத் தடிமனை அடையும் வயது மற்றப் பிள்ளைகளில் ஏறக்குறைய ஏழரை, இவர்களில் பத்தரை என்று தெரிந்தது. ‘இந்த வயதில் தானே பார்த்துக்கொள்ள வேண்டாமா’ என்று கேட்கும் பள்ளி, சிறியதாக இருந்தாலும் இவர்களுக்கு ஆகாது. நாளின் தொடக்கத்தில் வேலைகளைப் பிரித்து எழுதவைத்து, நடுவில் ஒருமுறை சரிபார்த்து, மாலையில் பையை அடுக்கும்வரை உடன் நிற்கும் பள்ளி வேண்டும். ஓடியாட இடம் இருக்கிறதா என்பதும் முக்கியம். திடல் இல்லாத மாடிக் கட்டடத்தில் நாள் முழுவதும் இருப்பது இவர்களுக்குத் தண்டனை.

போய்த் திரும்புவது

மூன்றாவது வழி, அதாவது ஓரிரு ஆண்டுகள் சிறிய பள்ளியில் படித்துவிட்டுத் திரும்புவது, வாசிப்பில் கடுமையாகப் பின்தங்கியிருந்தாலும் அறிவுத் திறன் நன்றாக இருக்கும் பிள்ளைகளுக்கு மிகப் பொருத்தமானது என்பது என் கருத்து. ஜோசப் டோர்கெசனும் சக ஆய்வாளர்களும் 2001இல் வெளியிட்ட ஆய்வில், கடுமையான வாசிப்புக் குறைபாடு உள்ள 60 பிள்ளைகளுக்கு எட்டு வாரங்களில் 67.5 மணி நேரம் தனித்தனியாகப் பயிற்சி தரப்பட்டது. துல்லியம் வெகுவாக உயர்ந்தது, இரண்டு ஆண்டுகள் கழித்தும் நிலைத்தது. ஓராண்டுக்குள் 40 சதவீதம் பேருக்குச் சிறப்புக் கல்வியே தேவைப்படவில்லை. ஆனால் வேகம் அந்த அளவுக்கு உயரவில்லை. அந்தப் பிள்ளைகளின் வயது 8 முதல் 10 வரைதான் என்பதால் பதின்பருவத்துக்கு இதை அப்படியே பொருத்த முடியாது. தீவிரமான பயிற்சி குறுகிய காலத்திலேயே பலன் தரும், வேகக் குறைவு மட்டும் நீடிக்கும் என்ற இரண்டு செய்திகளை எடுத்துக்கொள்ளலாம். திரும்பிப் போகும் பிள்ளைக்குக் கூடுதல் நேரம் தேவைப்படுவது இதனால்தான்.

இங்கே ஒரு கணக்கைக் காகிதத்தில் போட்டுப் பாருங்கள். 13 வயதுப் பிள்ளையின் வாசிப்பு 9 வயது அளவில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு ஓர் ஆண்டு அளவு முன்னேறினால் 16 வயதில் வாசிப்பு 12 வயது அளவில் இருக்கும். இடைவெளி அதே நான்கு ஆண்டுதான். ‘நன்றாக முன்னேறுகிறார்’ என்று மதிப்பெண் அட்டையில் எழுதினாலும் பிள்ளை அதே தூரத்தில்தான் பின்னால் வருகிறான். சிறப்புப் பள்ளியில் சேர்ப்பது என்றால் ஆண்டுக்கு ஒன்றரை ஆண்டு அளவாவது முன்னேற்றம் இருக்க வேண்டும். சேரும்போது எந்தச் சோதனையால் அளப்பார்கள், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மறுபடி அளப்பார்கள், முன்பு சேர்ந்தவர்கள் சராசரியாக எவ்வளவு முன்னேறினார்கள் என்று கேட்டுப் பெறுங்கள்.

திரும்புவதற்கான திட்டமும் சேரும் நாளிலேயே எழுத்தில் இருக்க வேண்டும். எந்த வகுப்பில் திரும்புவது, அதற்குள் எந்தப் பாடங்களில் எதையெல்லாம் முடித்திருக்க வேண்டும், பெரிய பள்ளியோடு யார் பேசுவார்கள் என்பவை அதில் இருந்தால் நல்லது. இறுதித் தேர்வு ஆண்டில் திரும்பாதீர்கள். புதிய இடத்துக்குப் பழகவே ஒரு பருவம் போய்விடும்.

வீட்டிலிருந்து படிப்பதைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். பள்ளி என்ற பேச்சை எடுத்தாலே வயிற்றுவலியும் அழுகையும் வரும் அளவுக்கு அச்சம் முற்றிய பிள்ளைக்குச் சில மாதங்கள் இது அவசியமான ஓய்வு. நல்ல சிறப்பாசிரியர் ஒருவர் தனியாகக் கிடைத்தால் வாசிப்பும் வேகமாக முன்னேறும். ஆனால் நாள்போக்கில் தாயோ தந்தையோ ஆசிரியராக மாறிவிடுகிறார்கள், பாடச் சண்டை சாப்பாட்டு மேசைக்கு வந்துவிடுகிறது, சம வயது நண்பர்கள் கரைந்துபோகிறார்கள். காலவரம்பு குறிக்காமல் இந்த வழியில் இறங்க வேண்டாம்.

சான்றிதழும் அதற்குப் பின்னும்

எந்த வழியாக இருந்தாலும் கடைசியில் கிடைக்கும் சான்றிதழ் எது, அதை எந்தெந்தக் கல்லூரிகளும் தொழிற்பயிற்சி நிலையங்களும் ஏற்கின்றன என்பதைப் பள்ளியிடம் மட்டும் கேட்காமல் தேர்வு நடத்தும் அமைப்பிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கணக்கையோ இரண்டாம் மொழியையோ விட்டுவிடலாம் என்பது பிள்ளைக்கு அன்றைக்குப் பெரிய நிம்மதி. அதனால் பின்னால் எந்தக் கதவு மூடுகிறது என்பதை அவனுக்கும் சொல்லிவிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். முன்பு படித்து வெளியேறியவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று பள்ளியிடம் கேட்டால், பெரும்பாலும் சாதித்த ஒருவரின் கதையைச் சொல்வார்கள். அவர் வேண்டாம். கடைசி மூன்று ஆண்டுகளில் வெளியேறிய எல்லோரும் எங்கே போனார்கள் என்று கேளுங்கள். சிறிய பள்ளி என்பதால் அது விரல்விட்டு எண்ணக்கூடிய பட்டியல்தான். அதுகூடத் தெரியாது என்றால் அந்தப் பள்ளி வாசலோடு பிள்ளையை மறந்துவிடுகிறது என்று பொருள்.

கலிஃபோர்னியாவின் ஃபிராஸ்டிக் மையம் கற்றல் குறைபாடு உள்ள மாணவர்களை 20 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 1999இல் முடிவுகளை வெளியிட்டது. வாழ்க்கையில் நன்றாக நிலைபெற்றவர்களை மற்றவர்களிடமிருந்து பிரித்துக் காட்டியவை அறிவுத்திறன் எண்ணையும் மதிப்பெண்ணையும்விட வேறு ஆறு பண்புகள்: தன் குறைபாட்டையும் பலத்தையும் அறிந்திருப்பது, தானே முன்வந்து செயல்படுவது, விடாமுயற்சி, எட்டக்கூடிய இலக்கு வைப்பது, உதவி பெறத் தெரிவது, உணர்ச்சிச் சமநிலை. பள்ளியைப் பார்க்கப் போகும்போது மூத்த மாணவர் ஒருவரிடம் பேச அனுமதி கேளுங்கள். ‘எனக்கு வாசிக்க நேரம் அதிகம் ஆகும், கேள்வியை ஒருமுறை வாசித்துக்காட்டினால் பதில் எழுதிவிடுவேன்’ என்று கூச்சமில்லாமல் அவரால் சொல்ல முடிந்தால், அந்தப் பள்ளி உருப்படியான வேலை செய்கிறது.

பயண நேரத்தையும் கணக்கில் சேருங்கள். சிறிய வகுப்பில் கிடைத்ததைத் தினமும் மூன்று மணி நேர வண்டிப் பயணம் பறித்துக்கொள்ளும். கட்டணத்தைப் பொறுத்தவரை, முதல் ஆண்டுக்கு முடியுமா என்று பார்க்காமல், படிப்பு முடியும்வரை கட்டிய பிறகு மேற்படிப்புக்கு ஏதாவது மிஞ்சுமா என்று பாருங்கள். அண்ணன் தம்பி, அக்கா தங்கை இருக்கும் வீட்டில் அவர்களின் பங்கும் அதில் இருக்கிறது.

இவ்வளவுக்கும் பிறகு, முடிவைப் பிள்ளையிடம் அறிவிக்காதீர்கள். அவனோடு, அவளோடு உட்கார்ந்து எடுங்கள். இரண்டு பள்ளிகளிலாவது சில நாள்கள் முழுநேரமாக இருந்து பார்க்கட்டும். ஒரு மணி நேரச் சுற்றிப்பார்வையில் எல்லாப் பள்ளியும் நன்றாகத்தான் இருக்கும். திரும்பி வந்ததும் ‘பிடித்திருக்கிறதா’ என்று கேட்டால் தோளைக் குலுக்குவார்கள். ‘இடைவேளையில் யாரோடு நின்றாய், வகுப்பில் எது புரிந்தது, எங்கே சலித்தது, பழைய நண்பர்கள் கேட்டால் இந்தப் பள்ளியைப் பற்றி என்ன சொல்வாய்’ என்று தனித்தனியாகக் கேளுங்கள். கடைசிக் கேள்விதான் பலரை வாட்டுகிறது. அதற்கு நாலு பேர் முன்னால் சொல்லக்கூடிய ஒரு பதிலைச் சேர்ந்து யோசித்து வைப்பது, சீருடை வாங்குவதைவிட முந்திச் செய்ய வேண்டிய வேலை.

சேர்த்த பிறகு இரண்டு பருவம் பொறுங்கள். முதல் பருவத்தில் தூக்கம், பசி, காலையில் கிளம்பும் முகம் ஆகியவற்றைக் கவனித்தால் போதும். இரண்டாம் பருவ முடிவில், சேர்ந்தபோது அளந்த அதே சோதனையின் புதிய முடிவைக் கேளுங்கள். வாய்மொழிப் பாராட்டை மட்டும் தந்து எண்ணைத் தராமல் தள்ளிப்போட்டால், அடுத்த சேர்க்கைக் காலம் முடிவதற்குள் வேறு இடம் பார்க்கத் தொடங்கிவிடுங்கள்.